நிரல் ஆவணக் கருவிகளின் உள்வடிவம்: ஓர் ஆய்வு

மென்பொருள் நூலகம் ஒன்றை எழுதுகிறவர் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேலே ஒரு கமென்ட் எழுதுகிறார். இது என்ன செய்யும், எதை வாங்கிக்கொள்ளும், எதைத் திருப்பித் தரும், எப்போது பிழை சொல்லும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஜாவாடாக், டாக்ஸிஜன், ஸ்ஃபிங்க்ஸ், ரஸ்ட்டாக் போன்ற ஆவணக் கருவிகள் அந்தக் கமென்டுகளைத் திரட்டி, தலைப்பும் பட்டியலும் லிங்க்கும் கொண்ட பக்கங்களாக ஆக்கித் தருகின்றன. நிரலர் ஒருவர் வேலை நேரத்தில் திறந்து பார்க்கும் கையேடுகளில் பல இப்படிப் பிறந்தவை.

இந்தக் கருவிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே வாதம் ஓரிடத்தில் போய் நின்றுவிடுகிறது: கமென்டை எந்தக் குறிமுறையில் எழுதுவது? மார்க்டவுனிலா, ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட்டிலா, எச்டிஎம்எல்லிலா? இந்தக் கட்டுரையின் கேள்வி அதைவிட ஒரு படி உள்ளே இருக்கிறது. கமென்டைப் படித்து முடித்த பிறகும் பக்கத்தை எழுதத் தொடங்கும் முன்பும், கருவி அந்த உரையைத் தனக்குள் எந்த வடிவில் வைத்திருக்கிறது? பயனர் கண்ணில் படாத அந்த வடிவத்தை இங்கே உள்வடிவம் என்கிறேன். ஒரு கருவியால் என்ன முடியும், என்ன முடியாது, எத்தனை காலம் அது தாங்கும் என்பதை முடிவு செய்வது இந்த உள்வடிவம்தான் என்பது இக்கட்டுரையின் துணிபு. அதற்கான சான்றுகளை வெவ்வேறு மொழிகளின் கருவிகளிலிருந்து எடுத்துப் பார்ப்போம்.

உள்வடிவம் எதற்கு?

ரூபி மொழியின் ஆர்டாக் கருவி தன் சொந்தக் குறிமுறை, மார்க்டவுன், ஆர்டி, டாம்டாக் என நான்கு முறைகளில் எழுதப்பட்ட கமென்டுகளைப் படிக்கும். எச்டிஎம்எல், வண்ணமிட்ட முனைய உரை, மார்க்டவுன், ஆர்டாக் உரை என நான்கு வகையில் எழுதித் தரும். நடுவில் எதுவும் இல்லையென்றால் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒவ்வொரு வெளியீட்டுக்குமாக 16 மாற்றிகள் எழுத வேண்டும். நடுவில் பொதுவான ஒரு வடிவம் இருந்தால் நான்கு படிப்பான்கள், நான்கு எழுதிகள், ஆக 8 போதும். ஆர்டாக் அதைத்தான் செய்கிறது. எந்தக் குறிமுறையில் எழுதியிருந்தாலும் கமென்ட் முதலில் ஒரே வகை ஆவண மரமாகிறது. எழுதிகள் எல்லாம் அந்த மரத்தை மட்டுமே பார்க்கின்றன. ஜான் மக்ஃபார்லேன் 2006-இல் வெளியிட்ட பான்டாக் இத்தனை ஆவண வகைகளை ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாற்ற முடிவதும் இதே கணக்கால்தான்.

மரம் என்பது என்ன என்று ஒரு சிறு எடுத்துக்காட்டில் பார்க்கலாம். பைத்தான் 3-இல் ஃபங்ஷனுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க முடியும். ‘திற’ என்ற ஃபங்ஷனின் ஆவண உரையில், “கோப்பைத் திறக்கும். வேலை முடிந்ததும் `மூடு` அழைக்கவும்” என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். கருவிக்குள் இது ஒரு பத்திக் கணு. அதன் கீழே மூன்று கணுக்கள்: முதலில் வெறும் உரை, அடுத்து ‘மூடு’ என்ற பெயரைச் சுட்டும் கணு, கடைசியில் மறுபடி உரை. எச்டிஎம்எல் எழுதி அந்த நடுக்கணுவைக் கண்டால் லிங்க் போடும். முனையத்துக்கான எழுதி அதையே தடித்த எழுத்தில் காட்டும். தேடல் அட்டவணை தயாரிக்கும் பகுதி, ‘மூடு’ எங்கெல்லாம் பேசப்படுகிறது என்று குறித்துக்கொள்ளும். ஒரே கணு மூவருக்கும் பயன்படக் காரணம், அது ‘தடித்த எழுத்து’ என்று பதிவாகாமல் ‘பெயர்’ என்று பதிவானதுதான்.

பழைய வழிகள்

தோற்றத்தைப் பதிவதா, பொருளைப் பதிவதா என்ற இந்தத் தேர்வு பழமையானது. யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. அதை அச்சுக்கேற்ப அமைத்தது ராஃப் என்ற கருவி. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பில் கையேடுகளுக்கென்றே மேன் என்ற மேக்ரோ தொகுப்பு அமைந்தது. பெரும்பாலும் அது ‘இந்தச் சொல் தடிப்பு, அந்தச் சொல் சாய்வு’ என்று தோற்றத்தையே சொன்னது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1990-ஐ ஒட்டி சிந்தியா லிவிங்ஸ்டன் உருவாக்கிய எம்டாக் வேறு வழியில் போனது. இது கட்டளையின் பெயர், இது அதன் தேர்வு, இது அதற்குத் தரும் மதிப்பு, இது ஃபங்ஷன் என்று ஒவ்வொரு சொல்லும் இன்னது எனக் குறிக்க அது வழி செய்தது. அதன் பலன் இன்றுவரை கிடைக்கிறது. ஓபன்பிஎஸ்டியின் மேன்டாக் கருவியில், குறிப்பிட்ட ஒரு சூழல் மாறியைப் பேசும் கையேடுகள் எவை என்று கேட்டுத் தேட முடிகிறது. தடிப்பு, சாய்வு என்று மட்டும் பதிந்த கையேட்டில் அந்தக் கேள்விக்கு விடை காண வழியே இல்லை.

ரிச்சர்ட் ஸ்டால்மன், பிரையன் ரீடின் ஸ்கிரைப் அமைப்பைப் பின்பற்றி 1980-களில் செய்த டெக்ஸின்ஃபோவும் இதே பக்கம் நின்றது. கோப்பின் பெயர், விசைப்பலகையில் தட்ட வேண்டியது, நிரல் துண்டு, மாறி என்று தனித்தனிக் கட்டளைகள் அதில் உண்டு. திரையில் இவற்றில் சில ஒன்றுபோலவே தெரியும். உள்ளே அவை வேறு வேறாகவே இருக்கும்.

டொனால்ட் நூத் 1984-இல் எழுதிய ‘லிட்டரேட் புரோகிராமிங்’ கட்டுரை இன்னொரு எல்லை. அவருடைய வெப் அமைப்பில் ஆவணமும் நிரலும் ஒரே கோப்பில் இருக்கும். டேங்கிள் என்ற கருவி அதிலிருந்து பாஸ்கல் நிரலைப் பிரித்தெடுக்கும். வீவ் என்ற கருவி டெக் ஆவணத்தை எடுக்கும். ஆனால் வீவ் தருவது நேரே அச்சுக்குப் போகும் உரை. டெக் ஒன்றே இலக்காக இருந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. இலக்குகள் பெருகிய பிறகுதான் உள்வடிவம் இல்லாத குறை பளிச்சென்று தெரிய ஆரம்பித்தது.

நான்கு அணுகுமுறைகள்

இன்று புழக்கத்தில் உள்ள கருவிகளை அவற்றின் உள்வடிவத்தை வைத்து நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, உள்வடிவம் இல்லாமலே கடத்திவிடுவது. தொடக்ககால ஜாவாடாக் இதற்குச் சரியான சான்று. ஜாவா பிறந்த 1995-ஐ ஒட்டி வலைப்பக்கம் புதுமையாக இருந்தது. கமென்டுக்குள் எச்டிஎம்எல் எழுதலாம் என்று முடிவானது. @ குறியோடு தொடங்கும் பாராம், ரிட்டர்ன் போன்ற குறிகளைக் கருவி புரிந்துகொண்டது. நடுவில் இருந்த எச்டிஎம்எல்லை அப்படியே வெளியே தள்ளியது. விளைவு சீக்கிரமே வந்தது. ‘லிஸ்ட்<ஸ்ட்ரிங்>’ என்று ஒருவர் கமென்டில் எழுதினால், கோணக் குறிக்குள் இருப்பதை உலாவி தனக்குத் தெரியாத எச்டிஎம்எல் குறி என்று நினைத்து விழுங்கிவிடும். வாசகர் கண்ணில் ‘லிஸ்ட்’ மட்டும் படும். வகைப்பெயருக்குள் கோணக் குறியைக் கொண்டுவந்த ஜாவா 5, 2004-இல் வந்தபோது, இந்தத் தொல்லையிலிருந்து தப்ப ‘கோட்’, ‘லிட்டரல்’ என்ற குறிகளும் கூடவே வர வேண்டியிருந்தது.

2014-இல் வந்த ஜேடிகே 8, கமென்டைக் கணுக்களாகப் பார்க்கும் டாக்ட்ரீ என்ற இடைமுகத்தைத் தந்தது. அதிலும் எச்டிஎம்எல் குறியின் தொடக்கம் ஒரு கணு, முடிவு இன்னொரு கணு. இடையில் இருப்பது அவற்றுக்குள் அடங்கிய பிள்ளையாக நிற்பதில்லை. பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி எழுதப்பட்ட எச்டிஎம்எல்லை ஒழுங்கான மரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதன் தடயமாகவே அதைப் படிக்கிறேன். அதே பதிப்பில் டாக்லின்ட் என்ற சோதனையும் வந்து, அதுவரை சிக்கலின்றி ஓடிய பல திட்டங்களின் பில்ட் தடைபட்டது. பத்தி தொடங்கும் குறியைத் தானே முடிவதுபோல எழுதியிருந்தால்கூட அது பிழை. உள்ளீட்டைக் கேள்வி கேட்காமல் கடத்தும் கருவி தன் கடனைப் பின்னால் வருகிறவர்கள் தலையில் கட்டுகிறது.

இரண்டாவது, உரையை இன்னோர் உரையாக மாற்றுவது. டிமித்ரி வான் ஹீஷ் 1997-இல் தொடங்கிய டாக்ஸிஜன், 2012-இல் மார்க்டவுனை ஏற்றது. அதற்காகப் புதிய மரம் எதுவும் கட்டவில்லை. மார்க்டவுன் உரையைத் தன் பழைய கட்டளைகளாகவும் எச்டிஎம்எல் குறிகளாகவும் முதலில் மாற்றிக்கொள்ளும். பிறகு வழக்கமான படிப்பான் அதைப் படித்து மரமாக்கும். விரைவாகச் செய்து முடிக்கக்கூடிய வழி இது. ஆனால் ஒரே உரையை இரண்டு தடவை, இரண்டு இலக்கணத்தோடு படிப்பதால், ஒரு பின்சாய்வுக் கோட்டை எந்தப் படியில் யார் எடுத்துக்கொண்டார் என்பது குழப்பமாகிவிடுகிறது.

லினக்ஸ் கெர்னலிலும் இதே முறை இருக்கிறது. டாக்புக் வடிவத்திலிருந்து 2016-இல் 4.8 பதிப்போடு கெர்னல் ஸ்ஃபிங்க்ஸுக்கு மாறத் தொடங்கியது. சி மொழிக் கோப்புகளில் உள்ள கமென்டுகளைப் படிக்கும் கெர்னல்டாக் நிரல், அவற்றை ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் உரையாக எழுதித் தந்தது. ஸ்ஃபிங்க்ஸ் அதை மறுபடி படித்தது. இங்கே ஒரு தகவல் வழியில் தொலையும். கமென்டில் பிழை என்றால் அது மூலக் கோப்பின் எந்த வரியில் என்று ஸ்ஃபிங்க்ஸுக்கு எப்படித் தெரியும்? அதற்காகவே அந்த நிரல், தான் எழுதும் உரைக்கு நடுவே ‘இது இத்தனையாவது வரி’ என்று சிறப்பு வரிகளைச் செருக, ஸ்ஃபிங்க்ஸ் பக்கத்து இணைப்பு நிரல் அவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டது. மரத்தில் ஒவ்வொரு கணுவும் தன் வரி எண்ணைத் தானே சுமக்கும். உரைக்கு அந்த வசதி இல்லாததால் இப்படி ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது.

மூன்றாவது, மூடிய மரம். எந்தெந்தக் கணு வகைகள் உண்டு என்று முன்கூட்டியே பட்டியலிட்டு, அதற்கு வெளியே எதையும் அனுமதிக்காத முறை. பைத்தான் உலகின் டாக்யூட்டில்ஸ், ஹாஸ்கெல்லின் ஹேடக், கோ மொழியின் ஆவணத் தொகுப்பு, ராக்கெட்டின் ஸ்கிரிபிள் ஆகியவை இந்த வகை. விரிவாகப் பார்க்க வேண்டியவை இவைதான்.

நான்காவது, உள்வடிவத்தையே வெளியே கொடுத்துவிடுவது. சி ஷார்ப் மொழி 2002-இல் வந்தபோதே, கமென்டுகளைக் கம்பைலர் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதித் தந்தது. எடிட்டரும் ஆவணக் கருவியும் ஒரே கோப்பைப் படித்தன. எர்லாங் உலகில் 2018-ஐ ஒட்டி வந்த ஈஈபி 48 என்ற முன்மொழிவு, கம்பைல் செய்த பீம் கோப்புக்குள்ளேயே ஆவணத்துக்கு ஓர் அறை ஒதுக்கியது. எந்த வடிவில் ஆவணம் இருக்கிறது என்பதை அந்த அறையே சொல்லும். எலிக்ஸிர் அதில் மார்க்டவுன் உரையை வைத்தது. எர்லாங் ஓடிபி 23, சில எச்டிஎம்எல் குறிகளை மட்டும் அனுமதிக்கும் ஒரு மரத்தை எர்லாங்கின் சொந்தத் தரவு வடிவில் வைத்தது. 2024-இல் வந்த ஓடிபி 27 மார்க்டவுனுக்கு மாறியது. எழுதும் முறை மாறினாலும் அறையின் அமைப்பு நிலைத்து நின்றதால், முனையத்தில் உதவி கேட்கிறவர் இரண்டு மொழி ஆவணத்தையும் படிக்க முடிகிறது.

பெயர்களின் சிக்கல்

ஆவணக் கருவியின் உள்வடிவம், பொதுவான எழுத்துக் கருவி ஒன்றின் உள்வடிவத்திலிருந்து வேறுபடும் இடம் ஒன்று உண்டு. நிரல் ஆவணத்தில் உரைக்கு நடுவே பெயர்கள் வரும். அந்தப் பெயர்கள் நிரலில் எங்கோ உள்ள பொருளைச் சுட்டும். படிக்கும் நேரத்தில் அந்தப் பொருளைக் கருவி இன்னும் பார்த்தே இருக்காது. முதல் கோப்பு குறிப்பிடும் ஃபங்ஷன் முப்பதாவது கோப்பில் இருக்கலாம், வேறொரு நூலகத்தில் இருக்கலாம், யாரோ நீக்கிவிட்டும் இருக்கலாம். ஆகவே ‘இது ஒரு பெயர், ஆனால் யாரென்று இன்னும் தெரியாது’ என்ற நிலையைச் சொல்ல உள்வடிவத்தில் இடம் வேண்டும்.

கியார்க் பிராண்டல் 2008-இல் வெளியிட்ட ஸ்ஃபிங்க்ஸ் இதற்கு ஒரு தனிக் கணுவை வைத்திருக்கிறது. பெயர், அது எந்த வகை, எந்த ஆவணத்திலிருந்து கேட்கப்பட்டது, விடை கிடைக்காவிட்டால் என்ன காட்டுவது என்பவற்றை அது சுமந்து நிற்கும். எல்லாக் கோப்புகளையும் படித்து முடிக்கும் வரை அந்தக் கணு காத்திருக்கும். படித்த மரங்கள் வட்டில் சேமிக்கப்படுகின்றன. ஒரு கோப்பை மாற்றினால் அதை மட்டும் மறுபடி படித்தால் போதும். மற்றவை சேமிப்பிலிருந்து வரும். அவற்றைப் பக்கங்களாக எழுதும்போது பெயர்கள் புதிதாகத் தேடப்படும். தன் திட்டத்துக்குள் பெயர் கிடைக்காதபோது, வேறு திட்டம் வெளியிட்டுள்ள பெயர்ப் பட்டியலிலும் தேட முடியும். ஒருவருடைய நூலக ஆவணத்திலிருந்து பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணத்துக்கு லிங்க் தானாக விழுவது இதனால்தான். காத்திருக்கும் கணு என்ற ஒரே முடிவின் மேல் இத்தனை வசதிகளும் நிற்கின்றன.

சைமன் மார்லோ 2002-இல் அறிமுகப்படுத்திய ஹேடக், இதையே ஹாஸ்கெல்லின் வகை அமைப்பைக் கொண்டு தீர்க்கிறது. ஆவண மரத்தின் வகைக்கு ‘பெயர்’ என்பதே ஓர் அளபுரு. படித்த உடனே அந்த இடத்தில் வெறும் எழுத்துச் சரம் இருக்கும். கம்பைலர் பெயர்களை அடையாளம் கண்ட பிறகு, அதே மரத்தில் அந்த இடத்துக்கு உண்மையான பெயர் வந்துவிடும். அடையாளம் கண்ட பெயர்தான் வேண்டும் என்று எழுதியின் வகை சொல்லியிருப்பதால், பாதியில் நிற்கும் மரத்தைத் தவறுதலாக அதற்குக் கொடுத்தால் ஹேடக்கையே கம்பைல் செய்ய முடியாது. பெயர் இன்னதென்று தெரிந்தும் அதற்கான ஆவணப் பக்கம் இல்லை என்றால், அதற்கும் தனி நிலை உண்டு. ஒரு வகைப் பிழையையே எழுத முடியாதபடி ஆக்கியிருக்கும் இந்த அமைப்பு, நான் பார்த்தவற்றில் மிக நேர்த்தியானது.

மேத்யூ ஃப்ளாட், எலி பார்சிலே, ராபர்ட் ஃபின்ட்லர் ஆகிய மூவர் 2009-இல் விவரித்த ஸ்கிரிபிள் இன்னும் ஒரு படி போகிறது. அங்கே ஆவணமே ராக்கெட் நிரல். அதை ஓட்டினால் கிடைக்கும் மதிப்புதான் மரம். பெயர்களைத் திரட்டும் சுற்று, அவற்றுக்கு விடை காணும் சுற்று, எழுதும் சுற்று என்று அந்த மரத்தின் மேல் வரிசையாக வேலை நடக்கும்.

விடை கிடைக்காத பெயரை என்ன செய்வது என்பதில்தான் கருவிகளின் குணம் தெரிகிறது. சி ஷார்ப் கம்பைலர் எக்ஸ்எம்எல் கோப்பில் ஒவ்வொரு பெயருக்கு முன்பும் ஓர் எழுத்தைப் போடும்: வகை என்றால் ஒன்று, மெத்தட் என்றால் ஒன்று, புலம் என்றால் வேறொன்று. கண்டுபிடிக்க முடியாத பெயருக்கு முன்னால் வியப்புக் குறியைப் போடும். தோல்வி பதிவில் நிற்கும். கோப்பைப் படிக்கும் எந்தக் கருவியும் அதைக் காணலாம். ஸ்ஃபிங்க்ஸ், ‘கறாராகப் பார்’ என்ற அமைப்பை இயக்காத வரை, கிடைக்காத பல பெயர்களைச் சத்தமின்றி வெறும் உரையாகக் காட்டிவிடும்.

ரஸ்ட் மொழியில் 2020 நவம்பரில் வந்த 1.48 பதிப்புக்கு முன்பு, வேறு வகையைக் குறிப்பிட விரும்பியவர் அதன் எச்டிஎம்எல் கோப்பின் பாதையைக் கையால் எழுத வேண்டியிருந்தது. வகையை வேறு மாட்யூலுக்கு நகர்த்தினால் லிங்க் அறுந்துவிடும். வெளியீட்டின் கோப்பு அமைப்பை உள்ளீட்டில் எழுத வைத்ததே அதற்குக் காரணம். 1.48-லிருந்து பெயரை மட்டும் எழுதினால் போதும், கம்பைலரின் பெயரறிவைக் கொண்டே ரஸ்ட்டாக் விடை காணும், கிடைக்காவிட்டால் எச்சரிக்கும். அதன் சோதனை நிலை ஜேசன் வெளியீட்டிலும் இதே பிரிவினை தெரிகிறது. கமென்ட் மார்க்டவுன் உரையாகவே இருக்க, அதன் பக்கத்தில் எந்தப் பெயர் எந்தப் பொருளைச் சுட்டுகிறது என்று தனி அட்டவணை வருகிறது. மார்க்டவுனை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பெயர்களுக்கு விடை காண்பது கம்பைலரைக் கையில் வைத்திருப்பவரால் மட்டுமே ஆகும் வேலை. அதை ஒருமுறை செய்து எழுதிக் கொடுப்பது சரியான பங்கீடு.

எத்தனை கணுக்கள் போதும்?

மூடிய மரங்களுக்குள்ளும் அளவு பெரிதும் மாறுகிறது. டாக்யூட்டில்ஸின் மரத்தில் பத்தி, பிரிவு, அட்டவணை, அடிக்குறிப்பு, எச்சரிக்கைப் பெட்டி, மேற்கோள் என்று நீண்ட பட்டியல் உண்டு; டேவிட் குட்ஜர் தலைமையில் உருவான அந்த மரத்துக்கு எழுத்து வடிவில் இலக்கணமே இருக்கிறது. புத்தகம் அளவுக்கு விரியும் ஆவணங்களுக்கு அது பொருந்தும். பைத்தானின் முழுக் கையேடும் அதன் மேல்தான் நிற்கிறது.

கோ மொழி நேர் எதிரான முடிவை எடுத்தது. 2022 ஆகஸ்டில் வந்த 1.19 பதிப்பின் ஆவணத் தொகுப்பில் பெரிய கணுக்கள் நான்கே: பத்தி, தலைப்பு, பட்டியல், நிரல் துண்டு. பத்திக்குள் வரும் கணுக்களும் நான்கு: வெறும் உரை, சாய்வு, லிங்க், பெயருக்கான லிங்க். அட்டவணை கிடையாது, படம் கிடையாது, பட்டியலுக்குள் பட்டியல் கிடையாது, எச்டிஎம்எல்லை நுழைக்க வழியே கிடையாது. இந்தச் சிறுமைக்கு ஒரு பரிசு கிடைத்தது. அந்த மரத்தை எச்டிஎம்எல், மார்க்டவுன், வெறும் உரை ஆகியவற்றாக எழுதுவதோடு, மறுபடி கமென்டாகவும் எழுத முடிகிறது. அதனால் நிரலைச் சீராக்கும் கோஃபம்ட் கருவி கமென்டுகளையும் சீராக்கத் தொடங்கியது. எதுவும் தொலையாமல் சுற்றி வரக்கூடிய மரம் சிறியதாக இருந்தால்தான் அது கைகூடும்.

எச்டிஎம்எல்லை அப்படியே நுழைய விடும் வாசல், பட்டியல் நீளத்தைவிட முக்கியமான விஷயம். மார்க்டவுனின் வரையறையே எச்டிஎம்எல்லை அனுமதிக்கிறது. அதனால் மார்க்டவுனை ஏற்கும் கருவிகளில் பழைய ஜாவாடாக் நோய் திரும்ப வருகிறது. கோணக் குறிக்குள் எழுதிய வகைப்பெயர் ரஸ்ட் ஆவணத்திலும் மறைந்து போகும். அதைப் பிடிக்க ரஸ்ட்டாக்கில் தனி எச்சரிக்கை விதி சேர்க்க வேண்டியிருந்தது. டாக்யூட்டில்ஸ் இந்த வாசலுக்கு ஒரு பெயர்ப்பலகை மாட்டியது. நேரடி உள்ளீட்டுக்கென ஒரு கணு, அது எந்த வெளியீட்டுக்கு உரியது என்ற குறிப்போடு வரும். மற்ற எழுதிகள் அதைத் தவிர்த்துவிடும். வேண்டாம் என்று மொத்தமாக மூடவும் அமைப்பு உண்டு. வாசல் தேவை என்றால் அது எங்கே இருக்கிறது என்று மரத்துக்குத் தெரிய வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

2024 செப்டம்பரில் ஜேடிகே 23, மூன்று சாய்கோடுகளோடு தொடங்கும் கமென்டுகளில் மார்க்டவுனை அனுமதித்தது. டாக்ட்ரீ ஏற்கெனவே இருந்ததால், மார்க்டவுன் உரைக்கென ஒரு புதிய கணு வகையைச் சேர்த்து, பாராம், ரிட்டர்ன் போன்ற குறிகளுக்கான கணுக்களை அப்படியே வைத்துக்கொள்ள முடிந்தது. 1995-இல் இல்லாத உள்வடிவம் 2014-இல் வந்ததால்தான், பத்தாண்டு கழித்து எழுதும் முறையை இத்தனை அமைதியாக மாற்ற முடிந்தது என்று இதைப் படிக்கிறேன்.

தமிழில் எழுதிப் பார்த்தால்

உள்வடிவம் நல்லதா என்று பார்க்க ஒரு கடுமையான சோதனை, கருவியை உருவாக்கியவர் நினைத்துப் பார்க்காத மொழியில் ஆவணம் எழுதுவது. தமிழில் எழுதும்போது எங்கே இடறுகிறது என்பது, பொருள் எங்கே பதிவாகியிருக்கிறது, தோற்றத்திலிருந்து எங்கே ஊகிக்கப்படுகிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட்டில் தலைப்பின் கீழே, அதன் நீளத்துக்குக் குறையாமல் கோடு போட வேண்டும். ‘அறிமுகம்’ என்று தலைப்பிட்டு ஐந்து எழுத்துக்கு ஐந்து கோட்டுக் குறிகள் போட்டால், கோடு போதவில்லை என்று எச்சரிக்கை வரும். கணினியில் அந்தச் சொல் எட்டுக் குறியீடுகள். இந்தக் குறிமுறையைப் படிக்கும் டாக்யூட்டில்ஸ் அவற்றில் புள்ளியை மட்டும் அகலமற்றது என்று கழிக்கிறது. இகர, உகரக் குறிகளைத் தனி இடமாக எண்ணுகிறது. ஆக ஏழு குறிகள் வேண்டும். ஒரு சொல் தலைப்பா என்பதை அகலத்தை அளந்து முடிவு செய்வதால் வரும் இடறல் இது.

தலைப்புக்கான நங்கூரப் பெயரை உருவாக்கும்போது அதே டாக்யூட்டில்ஸ் ஆங்கில எழுத்தும் எண்ணும் அல்லாதவற்றை நீக்குகிறது. தமிழ்த் தலைப்பில் எதுவுமே மிஞ்சாது. டாக்யூட்டில்ஸின் மேல் கட்டப்பட்ட ஸ்ஃபிங்க்ஸ் அதற்கு வெறும் வரிசை எண்ணைக் கொடுக்கும். நடுவில் புதிய பிரிவு ஒன்றைச் சேர்த்தால் எண்கள் நகர்ந்து, வெளியிலிருந்து வந்த லிங்க்குகள் வேறு பிரிவுக்குப் போகும். ஆசிரியரே வெளிப்படையாகப் பெயர் சூட்டினால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் தலைப்பின் அடையாளத்தைக் காட்சி உரையிலிருந்து பிழிந்தெடுப்பதைவிட, அதை மரத்தில் தனிப் புலமாக வைப்பதே ஒழுங்கு.

கோ மொழியின் பழைய முறையில் தலைப்புக்குக் குறியே கிடையாது. பெரிய எழுத்தில் தொடங்கும் ஒற்றை வரி, அதில் நிறுத்தற்குறி அதிகம் இல்லை என்றால் தலைப்பு என்று கருவி ஊகித்தது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாத தமிழில் தலைப்பு எழுதவே முடியாது. 1.19 பதிப்பில் வெளிப்படையான குறி வந்த பிறகு அந்தத் தடை நீங்கியது.

நான்காவது இடறல் வேற்றுமை உருபில் வருகிறது. நிரல் பெயரைக் குறிகளுக்குள் அடைத்து, ஒட்டினாற்போல் ‘ஐ’ என்றோ ‘இல்’ என்றோ எழுதினால் ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் அதை நிரல் பெயர் என்று ஏற்காது. மூடும் குறிக்குப் பின் இடைவெளியோ நிறுத்தற்குறியோ வர வேண்டும் என்பது அதன் விதி. விதியைத் தளர்த்த ஓர் அமைப்பு இருந்தும், இயல்பில் அது அணைந்தே இருக்கிறது. இல்லையென்றால் நடுவே சிறுகோடோ, பின்சாய்வுக் கோடும் இடைவெளியுமோ போட வேண்டும்.

மொழிபெயர்ப்பில் இது பெருஞ்சுமையாகிறது. ஸ்ஃபிங்க்ஸ் மரத்திலிருந்து பத்தி பத்தியாக உரையை எடுத்து மொழிபெயர்ப்பாளருக்குத் தருகிறது. பைத்தான் ஆவண மொழிபெயர்ப்புகள் இப்படித்தான் நடக்கின்றன. பத்திகளைப் பிரித்துத் தருவது மரம் செய்யும் நன்மை. ஆனால் ஒவ்வொரு பத்தியும் மூலக் குறிகளோடு உரையாகவே வருவதால், மொழிபெயர்ப்பாளர் குறிகளைத் தமிழ்ச் சொற்களுக்கு நடுவே விதி தவறாமல் மீண்டும் பதிக்க வேண்டும். பத்திக்குள் இருக்கும் பெயர்க் கணுவை நகர்த்தக்கூடிய ஒரு துண்டாகவே அவர் கையில் கொடுத்திருந்தால், உருபு ஒட்டுவதில் சிக்கல் எழாது. மரத்தின் உள்ளே உருபு ஒரு தொல்லையே இல்லை: ஒரு பெயர்க் கணு, அதையடுத்து ஓர் உரைக் கணு. தொல்லை முழுவதும் மரத்தை உரையாக்கி மறுபடி மரமாக்கும் பயணத்தில் விளைந்தது.

முடிவுகள்

பார்த்தவற்றிலிருந்து ஐந்து முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, உள்வடிவம் பொருளைப் பதிய வேண்டும். தோற்றம் எழுதியின் வேலை. எம்டாக்கின் தேடலும் ஆர்டாக்கின் பல வெளியீடுகளும் இதன் சான்று. இரண்டாவது, ‘இன்னும் விடை தெரியாத பெயர்’ என்பதற்கு வடிவத்தில் இடம் வேண்டும். விடை கிடைக்காமல் போனதும் பதிவாக வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு கணுவும் தான் வந்த கோப்பையும் வரியையும் சுமக்க வேண்டும். நான்காவது, பட்டியல் மூடியதாக இருக்க வேண்டும். நேரடி எச்டிஎம்எல்லுக்கு இடம் கொடுத்தால் அது தனிக் கணுவாகத் தெரிய வேண்டும். ஐந்தாவது, எது தலைப்பு, எது சுருக்கம், எது அடையாளம் என்பவற்றை எழுத்தின் அகலம், பெரிய எழுத்து, முற்றுப்புள்ளி போன்ற அறிகுறிகளிலிருந்து ஊகிக்கக் கூடாது. முற்றுப்புள்ளியும் இடைவெளியும் வந்தால் முதல் வாக்கியம் முடிந்தது என்று எடுத்துக்கொண்ட ஜாவாடாக், ‘எ.கா.’ போன்ற சுருக்கங்களில் தடுக்கி விழுந்தது. பிறகு ஜேடிகே 10-இல் சுருக்கத்துக்கென்றே ஒரு குறியைச் சேர்த்தது.

எழுதும் முறை மாறிக்கொண்டேதான் இருக்கும். ஜாவா எச்டிஎம்எல்லிலிருந்து மார்க்டவுனுக்கு வந்தது, எர்லாங் தன் மரத்திலிருந்து மார்க்டவுனுக்கு வந்தது, பைத்தான் கையேடு லேடெக்கிலிருந்து ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட்டுக்கு வந்தது. நல்ல உள்வடிவம் உள்ள கருவிக்கு அந்த மாற்றம் ஒரு புதிய படிப்பானை எழுதும் வேலை. அது இல்லாத கருவிக்கு, இதுவரை எழுதிய கமென்டுகள் அனைத்தையும் திருத்தும் வேலை. புதிதாக ஆவணக் கருவி செய்ய உட்காருகிறவர், குறிமுறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே கணு வகைகளின் பட்டியலை எழுதிவிட வேண்டும். எழுதிய பட்டியலைத் தமிழ் போன்ற ஒரு மொழியில் ஒரு பக்கம் ஆவணம் எழுதிச் சோதித்துவிட வேண்டும். இங்கே பேசிய கருவிகளில் பெரும்பாலானவை திறந்த மூலத்தில் இருப்பவை. நங்கூரப் பெயரும் கோட்டின் அகலமும் நாம் திருத்தி அனுப்பக்கூடியவை. அந்த வேலை தமிழ் நிரலர்களுக்காகக் காத்திருக்கிறது.